ஹமாமாட்சுவில் மூன்று மாதங்கள்

நுழையும் முன்

பணியின் பொருட்டுச் சில மாதங்கள் அயல்நாட்டில் தங்கித் திரும்பியவர்கள் உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இருப்பர். சுற்றுலாப் பயணிக்கு விடுதி உண்டு, வழிகாட்டி உண்டு. பணிக்காகச் செல்பவரோ அங்கே சோறு சமைக்க வேண்டும். துணி துவைக்க வேண்டும். உரிய நேரத்தில் ஆலையின் வாயிலில் நிற்க வேண்டும். ஆகவே ஒரே ஊரை இருவரும் கண்டாலும், கண்ட ஊர் ஒன்றாக இராது.

என் தம்பி ஹரியானாவின் மானேசரில், மகிழுந்துகளுக்கு வேண்டிய உலோகப் பாகங்களைச் செய்யும் ஆலையொன்றில் பொறியாளன். புதிய அச்சு இயந்திரம் ஒன்றைப் பற்றிக் கற்றுவர அவனையும், ரோத்தக் நகரைச் சேர்ந்த அவன் நண்பரையும் ஜப்பானுக்கு அனுப்பினார்கள். ஏப்ரல் தொடக்கம் முதல் சூன் இறுதி வரை அவர்கள் அங்கே இருந்தனர். அவன் எனக்கு எழுதிய மின்னஞ்சல்களையும் தொலைபேசியில் சொன்னவற்றையும் கொண்டு இப்பாடம் எழுதப்பெற்றது. மேற்கோள் குறிக்குள் இருப்பவை அவனுடைய சொற்கள்.

ஊரும் தொழிலும்

டோக்கியோவையும் ஒசாகாவையும் இணைக்கும் அதிவேக இருப்புப்பாதை 1964ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் திறக்கப்பட்டது. அப்பாதையில் இரு பெருநகரங்களுக்கும் ஏறத்தாழ நடுவில், ஷிசுவோகா மாநிலத்தின் மேற்குப் பகுதியில் அமைந்த நகரம் ஹமாமாட்சு. தெற்கே பசிபிக் பெருங்கடல். மேற்கே ஹமனா என்னும் ஏரி. ஒரு காலத்தில் இது நன்னீர் ஏரி. 1498ஆம் ஆண்டு நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தில், ஏரியையும் கடலையும் பிரித்து நின்ற மணல்மேடு உடைந்தது. அன்று முதல் ஏரிநீரில் உப்புக் கலந்தது. அந்த உவர்நீரும் அதில் வாழும் மீனும் பின்னால் ஊரின் உணவுக்கே பெயர் வாங்கித் தந்தன.

ஊரின் தொழில் வரலாறும் சுவையானதே. 1887ஆம் ஆண்டு, இவ்வூர்ப் பள்ளியொன்றில் பழுதுபட்டிருந்த ஆர்மோனிய வகை இசைக்கருவியைச் செப்பனிட வந்தவர் டொராகுசு யமஹா. பழுது நீக்கியவர் அத்துடன் நில்லாமல், தாமே அத்தகைய கருவியைச் செய்யத் தொடங்கினார். 1909ஆம் ஆண்டு மிச்சியோ சுசுகி என்பவர் துணி நெய்யும் தறிகளைச் செய்யும் பட்டறை ஒன்றை அமைத்தார். தறி செய்த நிறுவனம் பின்னாளில் ஈருருளிகளையும் மகிழுந்துகளையும் செய்தது. அந்நிறுவனத்தோடு 1982இல் இந்தியா ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. 1983 திசம்பரில் குருகிராம் ஆலையிலிருந்து முதல் மாருதி 800 வண்டி வெளிவந்தது. எனவே குருகிராம், மானேசர்ப் பகுதிப் பொறியாளர்கள் ஹமாமாட்சுவுக்குப் போய்வருவது நாற்பது ஆண்டுகளாக இருந்துவரும் வழக்கம்.

தனியே உண்ட நாட்கள்

இருவரும் பெட்டி நிறைய உணவைச் சுமந்து சென்றனர். தம்பியின் பெட்டியில் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, மாவடு; நண்பரின் பெட்டியில் கோதுமை மாவும் நெய்யும். தம்பி தூத்துக்குடிப் பக்கத்தான். மீன் உண்பான், மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் உண்ணான். நண்பரோ முட்டையும் தொடாத மரக்கறி உணவினர். புதிய ஊரில் எதில் என்ன கலந்திருக்கும் என்று தெரியாத அச்சத்தால், தங்குமிடத்துச் சிற்றடுக்களையில் சமைத்து, பெட்டியில் அடைத்துக்கொண்டு போய், உணவுக்கூடத்தின் மூலையில் தனியே அமர்ந்து உண்டனர். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அறியாத இடத்தில் எவரும் அப்படித்தான் தொடங்குவர்.

அவர்களுக்குப் பயிற்சி அளித்தவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஒரு பெரியவர். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. இவர்களுக்கு ஜப்பானியம் தெரியாது. தகடு அச்சில் அழுந்தி வெளிவந்ததும், மெல்லிய கையுறை அணிந்த உள்ளங்கையால் அவர் அதனை ஒருமுறை தடவுவார். கண்ணுக்குத் தெரியாத மேடும் பள்ளமும் அவர் கைக்குத் தெரிந்துவிடும். அந்த இடத்தில் சுண்ணக்கோலால் ஒரு வட்டம் இடுவார். பிறகு எண்ணெய்க்கல்லால் தேய்த்துப் பார்த்தால், சரியாக அங்கேதான் குறை இருக்கும். இக்கலை எந்தக் கையேட்டிலும் எழுதப்படவில்லை. இதைக் கற்றுத் திரும்பி, மானேசரில் பன்னிரண்டு பேருக்குக் கற்பிக்க வேண்டும் என்பதே இவர்களுக்கு இடப்பட்ட பணி.

மூன்றாம் வாரத்தின் முடிவில் பெரியவர் பத்துத் தகடுகளை வரிசையாக வைத்தார். பத்திலும் குறை உண்டு, கண்டுபிடிக்க வேண்டும். தம்பி நான்கைக் கண்டான். நண்பர் ஐந்தைக் கண்டார். "அக்கா, பயணச்சீட்டுக்கும் தங்குமிடத்துக்கும் ஆலை செலவிட்ட பணத்தை நினைத்து அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மூன்று மாதமும் இப்படியே போனால், திரும்பிப் போய் யார் முகத்தில் விழிப்பது?" என்று எழுதியிருந்தான்.

மறுநாள் நண்பகலில் பெரியவர் தம் தட்டோடு அவர்களுடைய மூலைக்கு வந்தார். கைப்பேசியிலிருந்த மொழிபெயர்ப்புச் செயலியில் எதையோ பேசித் திருப்பிக் காட்டினார். "இயந்திரத்தின் அருகில் பேச முடியாது. பேசுவதற்கு எனக்கு உணவு வேளைதான் உண்டு. என் மேசைக்கு வாருங்கள்" என்று திரையில் இருந்தது. ஆலையின் இரைச்சலிலும் பாதுகாப்பு விதிகளிலும் அவர் வாய்திறக்க இயலாது என்பதை அப்போதுதான் இருவரும் உணர்ந்தனர். அதன்பின் பாடம் நடந்த இடம் உணவு மேசையே. சோற்றுக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, அதன் வளைவில் விரலை ஓட்டிக் காட்டுவாராம். உள்ளங்கையை எங்கே அழுத்த வேண்டும், எங்கே தளர்த்த வேண்டும் என்பதெல்லாம் கிண்ணத்தின் மேல்தான் விளங்கிற்று.

தட்டில் இருந்தவை

ஆலை உணவு எளியது. குட்டையான, ஒன்றோடொன்று ஒட்டும் அரிசிச் சோறு ஒரு கிண்ணம். மிசோ என்னும் புளிக்கவைத்த சோயா விழுது கரைத்த சூடான சாறு ஒரு கிண்ணம். உப்பிட்ட காய்கறி சிறிதளவு. இவற்றோடு மீனோ இறைச்சியோ சோயாக்கட்டியோ ஒரு தட்டு. நாம் சோற்றின் மீது குழம்பை ஊற்றிப் பிசைவோம். அவர்கள் சோற்றை வெறுமையாகவே சிறிது, சாறு சிறிது, காய் சிறிது என மாறி மாறி உண்பர். வெறுஞ்சோற்றுக்கும் ஒரு சுவை உண்டு என்பதைத் தான் அங்கேதான் அறிந்ததாகத் தம்பி சொன்னான். எனக்கு அதில் இன்னும் ஐயம்தான்.

உண்ணத் தொடங்கும்போது அனைவரும் கைகூப்பி "இதாதாகிமாஸ்" என்பர். 'பணிவுடன் பெற்றுக்கொள்கிறேன்' என்பது அதன் பொருள். உண்டு முடித்தபின் "கோச்சிசோசமா" என்பர். இச்சொல்லின் உள்ளே 'ஓடியாடுதல்' என்னும் பொருளுடைய எழுத்துகள் உள்ளன. விருந்தினருக்காக ஓடியாடிப் பொருள் தேடிச் சமைத்தவரை எண்ணிச் சொல்லும் நன்றி அது. உணவுக்குச்சிகளைக் கையாள்வதில் இரண்டு தடைகள் உண்டு. சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைத்தல் கூடாது. இறந்தோர்க்குப் படைக்கும் சோற்றில்தான் அவ்வாறு நிறுத்துவர். ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்கு உணவை மாற்றுதலும் கூடாது. எரியூட்டியபின் எலும்பெடுக்கும் சடங்கை அது நினைவூட்டும். நூடுல்சு உண்ணும்போது உறிஞ்சி ஓசை எழுப்புவது மட்டும் அங்கே பிழையாகாது. நம் வீட்டில் பாட்டியர் அதட்டும் செயல் அங்கே இயல்பாய் நடக்கிறது!

தம்பிக்கு மிசோச் சாற்றின் முதல் மிடற்றிலேயே ஏதோ ஒன்று பழகிய மணமாகத் தோன்றியது. எதுவென்று நினைவுக்கு வர இரண்டு நாள் ஆயிற்று. அது மாசிக் கருவாட்டின் மணம். தென்கடலோரத்திலும் இலங்கையிலும் மாலத்தீவிலும் சூரை மீனை வேகவைத்து, புகையிட்டு, கட்டைபோல் உலர்த்தி மாசி செய்வர். ஜப்பானியர் அதே இன மீனை அதே முறையில் உலர்த்தி, மரச்சீவல்போல் சீவி, வெந்நீரிலிட்டுச் சாறு எடுக்கின்றனர். அதற்கு 'கட்சுவோபுஷி' என்று பெயர். "ஆச்சி சம்பலுக்கு இடித்த மாசியை இங்கே நாள்தோறும் குடிக்கிறேன்" என்று எழுதினான்.

அவனுக்கு மகிழ்ச்சி அளித்த அச்செய்தியே நண்பருக்குத் துன்பமாயிற்று. கண்ணுக்கு மீன் தெரியாத சாற்றிலும் மீன் இருந்தது. அவித்த கீரையின் மேல் ஊற்றிய நீரிலும் இருந்தது. பெரியவரிடம் அதனைச் சொன்னபோது அவர் திகைத்துப் போனார். சாற்றில் உள்ளதை மீன் என்று அவர் எண்ணிப் பார்த்ததே இல்லை. மறுநாள் ஒரு குறிப்பேட்டோடு வந்து, சமையலறைக்குள் சென்று, அம்மாதத்து உணவுப் பட்டியலில் நண்பர் உண்ணத்தக்கவற்றுக்கெல்லாம் பச்சை மையால் புள்ளி இட்டு வாங்கி வந்தார். புள்ளிகள் மிகுதியாக இல்லை. சோறு, சோயாக்கட்டி, ஊறுகாய், சில நாட்களில் உருளைக்கிழங்கு. ஒருவருக்காக வேறு சாறு வைக்கச் சமையலறையினரால் முடியவில்லை. கடைசிவரை நண்பர் தம் ரொட்டியைக் கொண்டுதான் வந்தார். ஆனால் பெரியவரின் மேசையில் அமர்ந்து உண்டார்.

சிறிது இலக்கணம்

இங்கே மொழியைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். தம்பி முதலில் கற்ற தொடர்கள் மூன்று.

மிசு ஓ குதாசாய். (தண்ணீரைத் தாருங்கள்.)
தாபெமாஸ் கா? (உண்பீர்களா?)
நிகு வா தாபெமாசென். (இறைச்சி உண்ணமாட்டேன்.)

முதல் தொடரில் 'மிசு' என்பது தண்ணீர். 'குதாசாய்' என்பது தாருங்கள். இடையில் நிற்கும் 'ஓ' எதைச் செய்கிறது? நாம் 'தண்ணீர்' என்னும் பெயருடன் சேர்க்கும் 'ஐ' உருபின் வேலையைச் செய்கிறது. இரண்டாம் தொடரின் இறுதியில் உள்ள 'கா', நம் வினா எழுத்தாகிய 'ஆ' நிற்கும் இடத்திலேயே நிற்கிறது. மூன்றாம் தொடரில் எதிர்மறை வினைக்குள்ளேயே இறுதியில் அடங்கியிருக்கிறது. 'உண்ணேன்' என்னும் நம் எதிர்மறை வினைமுற்றை நினைத்துக்கொள்ளுங்கள். "தமிழில் நினைத்து, சொற்களை மட்டும் மாற்றினால் போதும் அக்கா. ஆங்கிலத்தில் நினைத்தால்தான் தடுமாறுகிறேன்" என்பது தம்பியின் அனுபவம். இந்தியில் நினைத்த நண்பரும் ஏறத்தாழ அவ்வாறே சொன்னாராம்; இந்தியிலும் வினை இறுதியில்தானே வருகிறது!

சுசுமு ஓனோ என்னும் ஜப்பானிய அறிஞர் இரு மொழிகளும் உறவுடையவை என்றே வாதிட்டு நூல்கள் எழுதினார். மொழியியலார் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. சொல்வரிசை ஒத்திருப்பதனால் மட்டும் உறவு நிறுவப்படாது. கொரிய மொழியும் துருக்கிய மொழியும்கூட வினையை இறுதியில்தான் வைக்கின்றன. இதனை நீங்கள் மேடையில் பேசும்போது மறந்துவிடாதீர்கள்.

ஒரு சொல்லின் பயணம் மட்டும் உறுதியானது. ஜப்பானியர் விரும்பி உண்ணும் உணவுகளுள் ஒன்று 'கரே'. மாவு சேர்த்துக் கெட்டியாக்கிய, சற்றே இனிக்கும் குழம்பு அது. சோற்றின் ஒரு பக்கம் ஊற்றித் தருவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் வழியாக இது ஜப்பானை அடைந்தது. ஆங்கிலச் சொல் நம் 'கறி'யிலிருந்து பிறந்தது என்பர். டோக்கியோவில் இந்திய முறைக் கறி பரவியதற்கு வேறொரு கதை உண்டு. விடுதலைப் போராட்ட வீரர் ராஷ் பிகாரி போஸ் 1915இல் ஜப்பானுக்குத் தப்பிச் சென்றார். அவருக்கு அடைக்கலம் தந்தவர்கள் நகமுராயா என்னும் ரொட்டிக்கடை நடத்திய குடும்பத்தார். அவர்களுடைய மகளையே அவர் மணந்தார். 1927இல் அக்கடையில் இந்தியக் கறி விற்கத் தொடங்கினர். இன்றும் அது விற்கப்படுகிறது.

காற்றாடியும் தேநீரும்

காலை ஆறரை மணிக்கு வானொலியில் உடற்பயிற்சி இசை ஒலிக்கும். 1928இல் தொடங்கிய வழக்கம் இது. ஆலையிலும் வேலை தொடங்குமுன் அதே இசைக்கு மேலாளர் முதல் துப்புரவாளர் வரை கைகால் அசைப்பர். தெருவில் பள்ளிப் பிள்ளைகள் மஞ்சள் தொப்பியும் தடித்த தோற்பையும் அணிந்து, அணி அணியாக நடந்தே பள்ளிக்குப் போவர். முன்னே செல்பவர் மூத்த மாணவர். குப்பை போடுவதுதான் பெரும் தேர்வு. எரியக்கூடியது, நெகிழிப்பொதி, புட்டி, தகரம் என்று பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய நாளில் காலையில் வைக்க வேண்டும். நாளும் வகையும் எழுதிய தாளைத் தம்பி அடுக்களைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தானாம்.

மே மாதம் 3, 4, 5 ஆகிய நாட்களில் ஊரே கடற்கரை மணல்மேட்டில் கூடியது. முந்தைய ஆண்டில் குழந்தை பிறந்த வீட்டார்க்காக அந்தந்தத் தெருவினர் ஆளைவிடப் பெரிய காற்றாடியை ஏற்றுவர். குழந்தையின் பெயர் காற்றாடியில் எழுதப்பட்டிருக்கும். பின்னர்த் தெருவுக்குத் தெரு போட்டி நடக்கும். தில்லியில் விடுதலை நாளன்று காற்றாடி விடுவதை நீங்கள் அறிவீர்கள். அங்கே சிலர் நூலில் கண்ணாடித்தூள் பூசுவர். ஹமாமாட்சுவில் தடித்த நார்க்கயிற்றைக் கயிற்றோடு உரசியே அறுக்கின்றனர். உரசிய கயிறு கருகும் மணம் காற்றில் வருமாம். பெரியவர் தம் தெருவினரோடு இருவரையும் கயிறு இழுக்கச் சேர்த்துக்கொண்டார். மறுநாள் தகடு தடவக் கை ஒத்துழைக்கவில்லை.

அதே வாரத்தில்தான் புதுத் தேயிலை கடைகளுக்கு வருகிறது. ஷிசுவோகா ஜப்பானின் புகழ்பெற்ற தேயிலை மாநிலம். அவர்களுடைய நாட்காட்டியில் வசந்தம் பிறந்த நாளிலிருந்து எண்பத்தெட்டாம் நாள் கொழுந்து பறிக்க நன்னாள். பாலும் சர்க்கரையும் இல்லாத பச்சைத் தேநீர் அது. நண்பர் ஒருமுறை பருகிவிட்டு, "காய்ச்சல் மருந்து" என்றார். ஆனால் சூன் மாதம் மழை தொடங்கியபோது நாளுக்கு ஐந்து குவளை பருகினார். அம்மழைக்கு அவர்கள் 'பிளம் மழை' என்று பொருள்படும் எழுத்துகளை இட்டு எழுதுகின்றனர். பிளம் போன்றதொரு புளிப்புக்காய் பழுக்கும் பருவம் அது. அக்காயை உப்பிலிட்டு, வெயிலில் உலர்த்தி, சிவந்த இலையோடு ஊறவைத்து 'உமெபோஷி' செய்வர். நம் ஊரில் எலுமிச்சைக்கும் நார்த்தங்காய்க்கும் செய்வதே. சோற்று உருண்டையின் நடுவில் அதை வைத்துக் கையால் உண்பர். கடையில் வாங்கிய தயிரைச் சோற்றில் பிசைந்து, உமெபோஷியைத் தொட்டுக்கொண்டு தம்பி உண்ட இரவில் எனக்குப் படம் அனுப்பினான். ஒட்டும் அரிசி தயிர்ச்சோற்றுக்கு மிகப் பொருத்தமாம்.

விலாங்கு

ஹமனா ஏரியைச் சுற்றி நூறாண்டுக்கு மேலாக விலாங்கு மீன் வளர்க்கின்றனர். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு என்று நாம் பழமொழியில் மட்டும் அறிந்த மீன் அது. அதன் வாழ்க்கை வியப்பானது. வெகுதொலைவில் மரியானாத் தீவுகளுக்கு அருகே ஆழ்கடலில் பிறந்து, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் குஞ்சாகக் கடலோட்டத்தில் மிதந்து வந்து, ஜப்பானின் ஆற்றுமுகங்களை அடைகிறது. அங்கே பிடிக்கப்பட்ட குஞ்சுகளைத்தான் குளத்தில் வளர்க்கின்றனர். குஞ்சுகள் குறைந்துவிட்டதால் விலை ஏறியுள்ளது. 2014இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவின் விளிம்பிலுள்ள இனமாகப் பட்டியலிட்டது. பெரியவர் ஒருநாள் தம் இல்லத்தில் விருந்தளித்தபோது, இனிப்பும் உப்பும் கலந்த சாறு பூசிக் கரியில் சுட்ட விலாங்கைத் தம்பிக்குப் பரிமாறினார். ஒரே ஒரு துண்டு.

நண்பருக்கு என்ன செய்வது என்று அவர் முன்னரே எண்ணி வைத்திருந்தார். அடுத்த ஞாயிறன்று இருவரையும் வண்டியிலேற்றி, வடக்கே மலைக்காட்டில் உள்ள ஹோக்கோ புத்தக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். 1371இல் நிறுவப்பட்ட ஜென் கோயில் அது. மரங்களுக்கிடையே, பாசி படர்ந்த கல்லுருவங்கள் எண்ணற்றவை அமர்ந்திருக்கும், அடியார்களுடைய உருவங்கள். அங்கே துறவியர் உணவு கிடைக்கும். மீனும் இறைச்சியும் இல்லாத அச்சமையலில் சாற்றுக்குக் கடற்பாசியும் உலர்ந்த காளானும் பயன்படும். அக்கடற்பாசியின் பெயர் 'கொம்பு'! தாவரப் பொருள்களைக் கொண்டே விலாங்குபோல் செய்து, அதே சாறு பூசிச் சுட்டுச் சோற்றின்மேல் வைத்துத் தந்தனர். இரண்டு மாதத்தில் முதல் முறையாக, கிண்ணத்தை ஐயமின்றி இருகையாலும் எடுத்து, நண்பர் சாற்றைக் கடைசித் துளிவரை குடித்தார். பெரியவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம் சோற்றை உண்ண மறந்துவிட்டார் என்று தம்பி எழுதினான்.

அடுத்த வீட்டுச் சிறுமி

தங்குமிடத்தின் கீழ்த்தளத்தில் பிரேசில் நாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. 1908இல் ஜப்பானிய உழவர்கள் கப்பலேறிப் பிரேசிலின் காப்பித் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போயினர். 1990இல் ஜப்பான் தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றியபின், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பலர் ஆலை வேலைக்காகத் திரும்பி வந்தனர். ஹமாமாட்சுவில் அவர்கள் பலர் வாழ்கின்றனர். அவர்களுக்கெனக் கடைகளும் பள்ளியும் உண்டு. முகத்தால் ஜப்பானியர், மொழியால் போர்த்துக்கேயர்.

அவ்வீட்டு அம்மையார் மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுட்ட சிறு ரொட்டிகளை மாலையில் தருவார். (முட்டை கலந்திருந்ததால் நண்பர் வணங்கி மறுத்துவிட்டார்.) அவர்களுக்கு உங்கள் வயதில் ஒரு மகள். தந்தை போர்த்துக்கேய மொழியில் கேட்பார். மகள் ஜப்பானிய மொழியில் விடை சொல்வாள். தந்தைக்கு அவ்விடை முழுவதும் விளங்காத நாட்களும் உண்டு. அப்போது தாய் நடுவில் நின்று மாற்றிச் சொல்வார். சனிக்கிழமை தோறும் அச்சிறுமி முணுமுணுத்துக்கொண்டே போர்த்துக்கேய வகுப்புக்குப் போவாளாம். ஒருநாள் அவள் தம்பியிடம், "உங்கள் மொழியில் என் பெயரை எழுதுங்கள்" என்றாள். எழுதிக் கொடுத்தான். நெடுநேரம் அதைப் பார்த்துவிட்டு, "எங்கே தொடங்குவது, மேலிருந்தா கீழிருந்தா?" என்று கேட்டாள்.

விடைபெறல்

சூன் மாத இறுதியில் பெரியவர் மீண்டும் பத்துத் தகடுகளை வைத்தார். தம்பி ஒன்பதைக் கண்டான். நண்பர் பத்தையும் கண்டார். பெரியவர் தம்பியைப் பார்த்து, "மோ இச்சிதோ" என்றார். 'இன்னொரு முறை' என்பது பொருள். இரண்டாம் முறை பத்தாவதையும் அவன் கை கண்டுகொண்டது. அன்று உணவு மேசையில் பாடம் எதுவும் நடக்கவில்லை. மூவரும் மழையைப் பார்த்துக்கொண்டு உண்டார்களாம்.

நண்பர் இரண்டு பொதி கொம்புக் கடற்பாசியை ரோத்தக்கிற்குக் கொண்டு வந்தார். பருப்போடு வேகவைத்துப் பார்த்த அவருடைய அன்னையார், "கடலில் முளைத்த கீரைக்கு இத்தனை பயணமா?" என்று கேட்டுவிட்டு ஒதுக்கி வைத்தாராம். ஒரு பொதி இன்னும் பிரிக்கப்படாமல் இருக்கிறது.

சொற்பொருள்

அண்டை வீடு: பக்கத்து வீடு. உவர்நீர்: உப்புக் கலந்த நீர். மிடறு: ஒரு முறை விழுங்கும் அளவு. ஐயம்: சந்தேகம். அடைக்கலம்: புகலிடம். ஆற்றுமுகம்: ஆறு கடலோடு கலக்கும் இடம். ஈருருளி: இருசக்கர வண்டி. ஆச்சி: பாட்டி (வட்டார வழக்கு).

பயிற்சி

1. ஹமனா ஏரியின் நீரில் உப்புக் கலந்தது எவ்வாறு?

2. பெரியவர் உணவு மேசையைப் பாடம் நடத்தும் இடமாகக் கொண்டதன் காரணம் என்ன?

3. மிசோச் சாறு தம்பிக்கு மகிழ்ச்சியையும் நண்பருக்குத் துன்பத்தையும் தந்தது ஏன்? ஐந்து தொடர்களில் எழுதுக.

4. 'தண்ணீரைத் தாருங்கள்' என்னும் தொடரிலுள்ள வேற்றுமை உருபைக் காட்டுக. அதே உருபு வருமாறு உங்கள் வீட்டு உணவு மேசையில் பேசப்படும் மூன்று தொடர்களை எழுதுக.

5. 'உண்ணேன்' என்பதுபோல 'செல்', 'காண்', 'கேள்' ஆகிய வினைகளுக்கு எதிர்மறை வினைமுற்று எழுதுக.

6. உங்கள் வீட்டில் ஒருவர் ஒரு மொழியில் கேட்க, மற்றவர் வேறு மொழியில் விடை சொல்வதுண்டா? அவ்வாறு நடந்த உரையாடல் ஒன்றைக் கேட்டபடியே எழுதி, பின் முழுவதையும் தமிழில் மாற்றி எழுதுக. தெரியாத சொற்களைப் பெற்றோரிடமோ பாட்டியிடமோ தொலைபேசியில் கேட்டுக்கொள்ளலாம்.